மறுமொழி: வறண்ட பகுதிகளில் மட்டும் மாதிரி சறுக்குவது ஏன்?

மழையை வைத்து ஆற்று நீரோட்டத்தைக் கணிக்கும் உங்கள் கணினி மாதிரிக்கு, முதலில் நீரோட்டத்தை நாளுக்கு இத்தனை மி.மீ. என்று மாற்றுங்கள். 'கேமல்ஸ்' (CAMELS) என்ற மழை, நீரோட்டத் தரவுத் தொகுப்பின் 671 அமெரிக்க நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் சேர்த்துப் பயிற்றுவித்தும் வறண்டவற்றில் மட்டும் கணிப்பு சறுக்குகிறது என்றீர்கள். அந்தக் கோப்புகளில் மழை மி.மீ. கணக்கில் இருக்கும், நீரோட்டமோ வினாடிக்கு இத்தனை கன அடி. அப்படியே கொடுத்தால் பெரிய ஆறுகளின் பிழைதான் மாதிரியை இழுக்கும். கன அடியை 2.4466 ஆல் பெருக்கி, அந்தப் பகுதியின் ச.கி.மீ. பரப்பால் வகுத்தால் போதும்.

மாற்றிய பிறகும் மழை மிகுந்த பகுதிகளின் கைதான் ஓங்கியிருக்கும். அதனால் ஒவ்வொரு பகுதியின் வர்க்கப் பிழையையும் அதே பகுதியின் நீரோட்ட மாறுபாட்டால் (variance) வகுத்துப் பயிற்சி கொடுங்கள். காய்ந்து கிடக்கும் ஓடைகளில் மாறுபாடு பூஜ்ஜியத்தை ஒட்டி வரும். வகுத்த விடை எகிறிவிடாமல் இருக்க, வகுக்கும் எண்ணோடு ஒரு சிறு மாறிலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சோதிக்க ஒரு வழி: ஆண்டு நீரோட்டம் ஆண்டு மழையைத் தாண்டும் பகுதிகளை எண்ணுங்கள். நிறைய வந்தால் அலகில் தவறு. ஒன்றிரண்டு என்றால் உடனே நீக்கிவிட வேண்டாம், பனி மலைகளில் மழைமானிகள் பொழிவைக் குறைத்தே பிடிக்கும்.

அப்புறம், கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பின் சராசரியை நம்பாதீர்கள், இடைநிலை அளவைப் (median) பாருங்கள். நாஷ்-சட்கிளிஃப் மதிப்புக்குக் கீழ் எல்லையே கிடையாது. நாலு வறண்ட ஓடைகள் சராசரியைக் கவிழ்த்துவிடும்.