பஞ்சமத்துக்கு எப்போது போவான்?

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நான்கு பேர் எங்கள் வீட்டு மாடியில் கூடிப் பழைய ராக் இசை கேட்போம். போன வாரம் பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம். கேட்டு முடித்ததும் சண்டை. ஒருவர் ஹெவி மெட்டலின் (கனத்த கிடார் ஓசையில் நிற்கும் ராக் வகை) பிறப்புச் சான்றிதழே இதுதான் என்கிறார். இன்னொருவர், இரண்டாவது ஆல்பமான 'பாரனாய்டு' இருக்கும்போது இந்த அரைவேக்காட்டை யார் கேட்பது என்கிறார். மூன்றாமவருக்கு முதல் பாட்டின் தொடக்கத்தில் வரும் மழைச் சத்தமும் மணியோசையும் பிடித்தன. கடைசிப் பாட்டில் தூங்கியேவிட்டார். கிடார் வாசித்த டோனி அயோமிக்கு விரல் நுனி இல்லை, அதனால் கம்பிகளைச் சுருதி இறக்கி வாசித்தார், அந்தக் கனம் அப்படி வந்ததுதான் என்றும் ஒரு பேச்சு ஓடியது. எனக்கு எல்லார் சொல்வதும் சரியென்றே படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், ஆம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

தூங்கியவர் பக்கம் நான். அந்தக் கடைசிப் பாட்டு 'வார்னிங்' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. வேறொரு குழுவின் பாட்டை எடுத்துக்கொண்டு, நடுவில் கிடாரை அவிழ்த்து மேயவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர் இசையை வாசித்த பையன்களில் பாதிப் பேர் செய்ததுதான். முதல் ஆல்பம் என்பதற்காக அதையும் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

சான்றிதழ் பேசும் நண்பரிடம் ஒன்று கேளுங்கள். 1970 பிப்ரவரி 13ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, அந்த இசைத்தட்டு கடைக்கு வந்தபோது வாங்கியவர்கள் எதைக் கண்டு வாங்கினார்கள்? ஹெவி மெட்டல் என்று ஒரு வகை வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ரோலிங் ஸ்டோன் இதழில் விமர்சகர் லெஸ்டர் பாங்ஸ் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆனாலும் இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறியது. பிடித்திருந்தது, வாங்கினார்கள். நாமும் அந்த இடத்திலிருந்து கேட்டால் போதும்.

அரைவேக்காடு என்பவரோடுதான் எனக்கு வழக்கு. 'பாரனாய்டு' அதைவிட நல்ல பாட்டுகள் கொண்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபர் 16 அன்று, லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், கிட்டத்தட்ட ஒரே நாளில் பதிந்து முடித்தார்கள். மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மழையும் மணியும் பின்னால் சேர்த்தவை. ஒரு பாட்டு முடிந்ததுமே அயோமியின் ஃபெண்டர் கிடார் கோளாறாகிவிட, துணைக்குக் கொண்டுவந்திருந்த கிப்சன் எஸ்ஜி கிடாரை எடுத்து மீதியை வாசித்தார். பிறகு பெரும்பாலும் அவர் கையில் இருந்தது அந்த வகைக் கிடார்தான். இப்படி அவசரத்தில் செய்த வேலையில் பிசிறு இருக்கத்தான் செய்யும். 'என்.ஐ.பி.' பாட்டு தொடங்கும்முன் கீசர் பட்லரின் பேஸ் கிடார் தன்னந்தனியாகப் புலம்புகிறதே, அங்கே ஓர் அறையின் காற்று கேட்கிறது. (அந்தத் தலைப்புக்குப் பயங்கரமான விரிவாக்கங்கள் எல்லாம் சொல்வார்கள். டிரம்ஸ் வாசித்த பில் வார்டின் தாடி பேனா நிப் போல இருந்தது, அந்த 'நிப்'தான் தலைப்பு, அவ்வளவுதான் விஷயம்.)

இனி விரல். சுருதி இறக்கியது உண்மை, ஆனால் அது 1971இல், மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பத்தில் வழக்கமான சுருதிதான். பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில், பதினேழு வயதில், அயோமியின் வலது கை நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. அவர் இடக்கைக்காரர். ஆகவே போனது கம்பியை அழுத்தும் கை. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு இரண்டு குல்லாய் செய்தார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய ஜாக்கெட் ஒன்றிலிருந்து தோலை வெட்டி அதன்மேல் ஒட்டிய பிறகுதான் பிடிமானம் கிடைத்தது. கட்டிங் மேசையில் நிற்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தோல் தடித்தால் கம்பி எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியாது, மெலிந்தால் நாலு பாட்டில் கிழிந்துவிடும். எந்தத் தடிமனை எடுத்திருப்பார் என்று உங்கள் பிரிவில் யாரையாவது கேட்டுச் சொல்லுங்கள், எனக்கு ஆசையாக இருக்கிறது. கம்பியையும் மெலிதாக்கினார், முதலில் பாஞ்சோ என்ற வாத்தியத்தின் மெல்லிய கம்பிகளைப் பூட்டிப் பார்த்தார். பாடிய ஆஸி ஆஸ்போர்ன் கொஞ்ச நாள் மாடு அறுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். தோலோடு புழங்கும் ஆம்பூர்க்காரர்களுக்கு அந்நியமான குழு இல்லை இது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தபோதுதான் இந்த ஆல்பம் எனக்குக் கேசட்டாகக் கிடைத்தது. மே மாதம், ஜன்னலைச் சாத்த முடியாது. கீழ் வீட்டில் ஒரு நாகஸ்வர வித்வான். முதல் பாட்டு ஓடுகிறது. மூன்றே சுரம்: சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம், அதாவது பஞ்சமத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு படி கீழே நிற்கும் 'ம'. அதிலேயே நின்று நடுங்குகிறது கிடார். சட்ஜத்துக்கும் இந்தச் சுரத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் மேற்கே 'இசையில் சாத்தான்' என்று பெயர் வைத்து ஒதுக்கினார்கள். நமக்கோ மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் 36 அதன்மேல்தான் நிற்கின்றன. கல்யாணி அதில் ஒன்று.

வித்வான் படியேறி வந்தார். சத்தத்துக்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தோளில் துண்டோடு வாசலிலேயே நின்று கேட்டார். "ஏன் தம்பி, பிரதி மத்யமத்திலேயே நின்றுவிட்டானே, பஞ்சமத்துக்கு எப்போது போவான்?"

"போகமாட்டான் ஐயா" என்றேன்.

கீழே இறங்கிப் போனார். சற்று நேரத்தில் நாகஸ்வரம் கேட்டது. அதே மூன்று சுரம், அதே தாமதம். மத்யமத்தில் இரண்டு மூச்சு நேரம் நின்றது. பிறகு மெல்ல அசைந்து பஞ்சமத்தில் ஏறி உட்கார்ந்தது. அவ்வளவுதான். மாடியில் மணியும் மழையும் பேயுமாக இருந்த அறைக்குள் முகூர்த்த நேரம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, கேசட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன். அந்தக் குழு போகாமல் நின்ற இடம் எது என்று அன்றுதான் காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு அந்த இடம் வரும்போது உங்களில் ஒருவர் பஞ்சமத்தைப் பிடித்துப் பாடிப் பாருங்கள். தூங்குகிறவரை எழுப்பிவிட்டுப் பாடுங்கள்.