பைபர் படகு கிளாசிக் ஆகுமா? – கேள்வி பதில்

முகத்துவாரத்தில் முப்பது வருடமாகப் படகு பழுதுபார்க்கிறேன். அதற்கு முதல் வல்வெட்டித்துறையில் ஓடாவிகளுக்கு, அதாவது படகு கட்டும் தச்சர்களுக்கு, கையாளாக நின்றவன். “கிளாசிக் படகு என்றால் எது? மரத்தில் கட்டியது மட்டுந்தானா?” என்று கொஞ்ச நாளாகப் பலரும் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தை, பொறியியல் மாணவி: மரப்படகுதான் கிளாசிக், மற்றதெல்லாம் தொழிற்சாலைச் சாமான் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் ஐயா?

நான் அப்படி நினைக்கவில்லை மகள். அந்தக் காலத்து ஓடாவிக்குக் கைக்கெட்டியது மரம், அதனால் மரத்தில் கட்டினான். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் படகைப் பார்த்த இன்னொருவன், யாரும் சொல்லாமலே அதே வடிவத்தில் இன்னொன்று கட்டுகிறானா? கடலில் நம்பிப் போய்த் திரும்பி வந்த படகைத்தான் பார்த்துக் கட்டுவார்கள்.

நம் தெப்பத்தையே எடுங்கள். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் அது. ‘கட்டமரான்’ என்று ஆங்கிலேயர் சொல்வதும் நம்முடைய அந்தச் சொல்தான். இன்று தெப்பம் பைபரில், அதாவது கண்ணாடியிழையில், அச்சு எடுத்து வருகிறது. வடிவம் மட்டும் பெரிதாக மாறவில்லை. அலை மேலே விழுந்தாலும் தண்ணீர் நிற்க அதில் பள்ளம் கிடையாது, வழிந்து போய்விடும். அலை அடிக்கிற மணற்கரையில் இழுத்து ஏற்றவும் லேசு. கரை மாறவில்லை, அதனால் அச்சுச் செய்தவனும் வடிவத்தை மாற்றவில்லை. என் கணக்கில் அது கிளாசிக்.

நீர்கொழும்பு: எங்கள் பக்கம் ‘ஒருவ’ இப்போது பைபரிலும் வருகிறது. அப்பா அதை ஒருவ என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது தம்பி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘ஒருவ’ என்பது ஒடுங்கிய உடலும், ஒரு பக்கம் மட்டும் தள்ளி மிதக்கிற கட்டையும் உள்ள பாய்ப்படகு. அந்தக் கட்டை எப்போதும் காற்று வருகிற பக்கம்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் திரும்பி வருவது எப்படி? படகைத் திருப்புவதே இல்லை, பாயைத்தான் மாற்றுகிறார்கள். முன்பக்கமாக இருந்தது பின்பக்கமாகிவிடும். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பது இதற்குத்தான். குடைந்த அடிமரத்தின் மேல் பக்கப் பலகைகளைத் தும்புக்கயிற்றால் தைத்திருப்பார்கள். கட்டையைத் தாங்கும் வளைந்த கம்புகளையும் கயிற்றால்தான் கட்டுவார்கள். அலையில் எல்லாம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அந்த அசைவில்தான் அதன் உயிர்.

இப்போது அந்த அளவுக்கு அடிமரம் எங்கே கிடைக்கிறது? பலா, ஈரப்பலா வெட்டுவதென்றாலே அனுமதி வேண்டும். எனவே உடலை பைபரில் வார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கம்புகளைக் கயிற்றால் கட்டி, பாய் ஏற்றி, கட்டையைக் காற்றுப் பக்கம் வைத்து ஓடினால் அது ஒருவதான். கயிற்றுக்குப் பதிலாக போல்ட் முறுக்கி, பாயைக் கழற்றி, பின்னால் அவுட்போட் இயந்திரம் பூட்டினால் அப்பா சொல்வது சரி. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்ததற்கான காரணமே அப்போது போய்விடுகிறது.

கொட்டாஞ்சேனை: வெளிநாட்டில் பைபர் படகை யாராவது கிளாசிக் என்று மதிக்கிறார்களா அண்ணா?

நிறையப் பேர். ஃபோக்போட் என்று ஒரு பாய்ப்படகு, 7.68 மீட்டர் நீளம். சாதாரண மக்களும் வாங்கக்கூடிய படகு வேண்டுமென்று ஸ்காண்டிநேவியாவில் போட்டி வைத்து, வந்த வரைபடங்களின் நல்ல அம்சங்களைச் சேர்த்து 1942இல் உருவாக்கினார்கள். முதலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகை அடுக்கிய மரப்படகு. 1970களில் பைபருக்கு வந்தபோது அந்தப் பலகை விளிம்புகளையும் அச்சில் அப்படியே எடுத்தார்கள். மரமும் பைபரும் இன்றைக்கும் ஒரே பந்தயத்தில் ஓடுகின்றன.

இன்னொன்று கொண்டெஸா 32. இது பிறந்ததே பைபரில். 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற இங்கிலாந்துப் பாய்ப்படகுப் பந்தயத்தைப் புயல் அடித்தது. புறப்பட்ட 303 படகுகளில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் 58 படகுகள் இருந்தன. ஓட்டத்தை முடித்தது ஒன்றே ஒன்று, அசென்ட் என்ற கொண்டெஸா 32. இதற்குப் பிறகும் அதை பிளாஸ்டிக் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

வத்தளை: இரும்பு, சீமெந்து?

இரும்புக்கு ஜோஷுவா போதும். மொய்த்தெஸியே என்ற பிரெஞ்சுக்காரருடைய படகு. கொதிகலன் செய்கிறவர்கள் கட்டியது, பாய்மரத்துக்குத் தந்திக் கம்பம். 1968இல் தனியாள் நிற்காமல் உலகைச் சுற்றுகிற பந்தயத்தில் ஓடியது. இன்று பிரான்சில் அதைச் சட்டப்படி பாதுகாக்கப்படும் நினைவுச் சின்னமாக்கியிருக்கிறார்கள். அதே பந்தயத்தை முடித்த ஒரே படகு சுஹைலி. பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு, 312 நாளில் சுற்றி வந்தது. அதன் வடிவத்தின் வேரைத் தேடினால் நோர்வேயின் கொலின் ஆர்ச்சர் மீட்புப் படகுகளுக்காகப் போட்ட கோடுகளில் போய் நிற்கும். நோர்வேக் கடலுக்குப் போட்ட கோடுகளை பம்பாய்த் தச்சர்கள் தேக்கில் எடுத்தார்கள்.

சீமெந்து புதுசு என்று நினைக்காதீர்கள். லாம்போ என்ற பிரெஞ்சுக்காரர் 1848இலேயே கம்பி வலை வைத்துச் சீமெந்தில் படகு செய்துவிட்டார்.

தெஹிவளை: எத்தனை வயது ஆக வேண்டும்?

மத்தியதரைக் கடல் பந்தயங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள்: 1950க்கு முதல் கட்டியது ஒரு பிரிவு, 1975 வரைக்கும் கட்டியது இன்னொன்று, மரம் அல்லது உலோகம். பந்தயம் நடத்த அது தேவை. மற்றப்படி மோசமான படகு ஐம்பது வருடம் கிடந்தால் பழைய மோசமான படகு, அவ்வளவுதான்.

மட்டக்குளி: என் வள்ளத்தில் அடியில் ஓடும் ஏராக்கட்டை தவிர எல்லாப் பலகையும் மாற்றியாயிற்று. அதே வள்ளம் என்று சொல்லலாமா அண்ணை?

தாராளமாகச் சொல்லலாம். உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். அவருக்குக் கிடைத்த ஸ்ப்ரே, வயலில் உக்கிக் கிடந்த பழைய படகு. புது மரம் போட்டு முழுவதையும் திரும்பக் கட்டினார், பெயரை மாற்றவில்லை. 1895இல் புறப்பட்டு 1898இல் திரும்பினார். பிறகு ஸ்ப்ரேயைப் பார்த்து மரம், இரும்பு, பைபர் என்று உலகமெங்கும் கட்டினார்கள். உங்கள் வள்ளத்தில் ஒவ்வொரு பலகையும் பழைய பலகையின் வளைவிலேயே போயிருந்தால் கவலையே வேண்டாம்.

பம்பலப்பிட்டி: அன்னபூரணியைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா?

விட மாட்டேன். எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல். ரொபின்சன் என்ற அமெரிக்க மாலுமி வாங்கி, மனைவியின் பெயரில் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று மாற்றினார். வல்வை ஆட்கள் ஓட்டிப் போய் 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் விட்டார்கள்.

ஆனால் அதைப் பார்த்துப் பிறகு யார் கட்டினார்கள் என்று என் அளவுகோலையே என்மேல் திருப்பலாம். நானும் அதை யோசித்திருக்கிறேன். அன்னபூரணியே ஒரு நகல்தான். தகப்பன் கட்டியதைப் பார்த்து மகன் கட்டிய நீண்ட வரிசையில் வந்த கப்பல் அது. வரிசை பிறகு அறுந்தது, இயந்திரக் கப்பல்கள் பாய்க்கப்பல் வணிகத்தை எடுத்துக்கொண்டதால். வடிவத்தில் குறை இருந்து அறுந்ததல்ல.

கிராண்ட்பாஸ்: தாத்தாவின் வத்தை ஊரில் வேலியோரம் உக்குகிறது. விறகுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

காப்பாற்ற முடியாவிட்டாலும் அதன் வடிவக் கோடுகளை அளந்து எடுத்துவிடுங்கள் தங்கச்சி. மழைக்கு முதல் செய்யுங்கள். படகைச் சமமாக முட்டுக் கொடுத்து நிறுத்தி, முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நடுவால் ஒரு நூலை இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு அடிக்கு ஒருதரம் நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அங்கிருந்து உட்பலகை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மேலிருந்து கீழாக நாலைந்து இடத்தில் அளந்து எழுதுங்கள். படகின் விலா மரங்களான வங்குகள் எந்த இடைவெளியில் வருகின்றன, பலகை எத்தனை அங்குலத் தடிப்பு என்பதையும் குறியுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரு நாள் வேலை. எழுதிய தாளை என்னிடம் கொண்டு வாருங்கள், பெரிய பலகையில் கீறித் தருகிறேன்.