கொலைக்கு முன்பே வந்த பேய்

கிராமத்தில் நடந்து, கொலையாளி யாரென்றே தெரியாமல் போன பழைய வழக்குகளைச் சுற்றிய பேய்க்கதைகளில் உங்களை அதிகம் பயமுறுத்தியது எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஹின்டர்கைஃபெக்தான். ஜெர்மனியின் பவேரியாவில், மியூனிக்கிலிருந்து வடக்கே சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, காட்டோரத்தில் தனியாக இருந்த ஒரு பண்ணைவீடு. பொதுவாகக் கொலை விழுந்த பிறகுதான் அந்த வீட்டில் பேய் குடியேறும். இங்கே பேய் முன்னாடியே வந்துவிட்டது.

அந்த வீட்டு வேலைக்காரப் பெண் சில மாதங்களுக்கு முன்பே, இங்கே ஏதோ நடமாடுகிறது என்று பயந்து வேலையை விட்டுப் போனதாகச் சொல்வார்கள். அப்புறம் 1922 மார்ச் கடைசியில், வீட்டுக்காரர் ஆண்ட்ரியாஸ் குரூபர் அக்கம்பக்கத்தில் சில விஷயங்கள் சொல்லியிருக்கிறார். காட்டிலிருந்து வீட்டை நோக்கிப் பனியில் காலடித் தடம் இருக்கிறது, திரும்பிப் போன தடம் இல்லை. பரணில் யாரோ நடக்கும் சத்தம். வீட்டுச் சாவி ஒன்றைக் காணவில்லை. இவ்வளவும் சொன்ன மனிதர் போலீசுக்கு மட்டும் போகவில்லை.

மார்ச் 31 இரவு ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள்: குரூபர், மனைவி, மகள், ஏழு வயதுப் பேத்தி, இரண்டு வயதுப் பேரன், புதிய வேலைக்காரப் பெண். அவர் வேலைக்குச் சேர்ந்ததே அன்றுதான், பாவம். ஏப்ரல் 4 வரை யாருக்கும் தெரியாது. அன்று காலை மோட்டார் பழுதுபார்க்க வந்த மெக்கானிக், ஆளையே காணோமே என்று காத்திருந்து, பிறகு தானே மணிக்கணக்கில் வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பிணங்களோ கொட்டகையிலும் வீட்டுக்குள்ளும் கிடந்தன. இதைவிட என்னைக் கலக்கியது, இடைப்பட்ட நாட்களில் மாடுகளுக்கு யாரோ தீவனம் வைத்திருந்ததும், புகைபோக்கியில் புகை வந்ததும்தான். பேய் மாட்டுக்குத் தீனி போடுமா?

மற்றதெல்லாம் கதை கட்டத் தோதானவை. மண்டையோடுகளைத் தனியே எடுத்து மியூனிக்குக் கொண்டுபோனார்கள், குறிசொல்பவர்களிடம்கூடக் காட்டினார்கள். அவை திரும்பி வரவே இல்லை. ஆறு பேரும் தலையில்லாமல்தான் புதைக்கப்பட்டார்கள். மகளின் கணவர் 1914-லேயே போரில் இறந்தவர். அவர்தான் உயிரோடு திரும்பி வந்து பழிவாங்கினார் என்றும் வதந்தி. அக்கம்பக்கத்தாரையும் சந்தேகித்தார்கள், யார் மீதும் நிரூபணமாகவில்லை.

என்னைக் கேட்டால், அந்த முதல் வேலைக்காரப் பெண் பயந்தது வீண் பயமில்லை. கேட்ட சத்தத்துக்குப் பேர் வைத்ததில்தான் தவறு. 1923-ல் வீட்டை இடித்தார்கள். அப்போதுதான் கொலை செய்த கொத்துக்கருவி கிடைத்தது, பரணில்.