எச்.ஐ.வி. பரிசோதனையும் சட்டமும்: கேள்வி பதில்

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்தில் பல வருடம் ஆலோசகராக இருந்தவள் நான். இப்போது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புகார் மனு எழுதிக் கொடுக்கிறேன். 2017-இல் நிறைவேறிய எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேளுங்கள்.

ராஜா: மேடம், குடலிறக்க ஆபரேஷனுக்கு ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி.யும் பார்த்திருக்கிறார்கள் என்று பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டீர்களே என்கிறார்கள். இது சரியா?

சரியில்லை. சட்டத்தின் 5-ஆவது பிரிவு தகவலறிந்த ஒப்புதல் கேட்கிறது. எந்தப் பரிசோதனை, எதற்காக, முடிவு வந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லி, அந்தக் குறிப்பிட்ட பரிசோதனைக்கென்று சம்மதம் வாங்க வேண்டும். முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும். "எல்லாச் சிகிச்சைக்கும் சம்மதம்" என்று பொடி எழுத்தில் அச்சடித்த ஃபாரம் இதற்குப் போதாது.

ஒப்புதல் தேவைப்படாத இடங்களை 6-ஆவது பிரிவு சொல்கிறது: நீதிமன்ற உத்தரவு, ரத்த வங்கியில் தானமாக வந்த ரத்தம், உறுப்பு, திசு, விந்து தானம், பெயர் விவரம் இல்லாமல் நடத்தும் கண்காணிப்பு ஆய்வு. ஆபரேஷன் அந்தப் பட்டியலில் இல்லை.

டாக்டர்கள், நர்ஸ்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான கவலை. அதற்குத்தான் 19-ஆவது பிரிவு. கையுறை உள்ளிட்ட பாதுகாப்புப் பொருளும் பயிற்சியும் தருவது நிர்வாகத்தின் கடமை. தவறி ஊசி குத்தினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்தும் தர வேண்டும். நேற்றுத் தொற்றியவருக்கு இன்று டெஸ்ட் எடுத்தால் நெகட்டிவ் என்றுதான் வரும். அந்தக் காகிதத்தை நம்பிக் கையுறையில் அசட்டையாக இருந்தால் ஆபத்து ஊழியருக்குத்தான். எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி பாதுகாப்பு என்பதே சரியான வழி.

பாசிட்டிவ் என்று தெரிந்து ஆபரேஷனை மறுத்தால் அது சட்டப்படி பாகுபாடு. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். "இங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். எழுதித் தரச் சொன்னால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

சுதா: வேலைக்குச் சேர மெடிக்கல் டெஸ்டில் எச்.ஐ.வி.யும் சேர்த்திருக்கிறார்கள். தனியார் கம்பெனி.

கூடாது. வேலைக்கோ, வேலையில் தொடரவோ, படிப்புக்கோ, சிகிச்சைக்கோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதை 3-ஆவது பிரிவு தடை செய்கிறது. அரசு, தனியார் என்ற வித்தியாசம் கிடையாது. இந்தச் சட்டம் வருவதற்கு இருபது வருடம் முன்பே, 1997-இல், தொற்று இருக்கிறது என்பதற்காக ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வேலையைப் பறித்தது தவறு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏற்கெனவே வேலையில் இருப்பவரை நீக்க வேண்டுமென்றால், அவரால் பிறருக்குக் கணிசமான தொற்று அபாயம் உண்டு அல்லது வேலை செய்யும் தகுதி இல்லை என்று தகுதியுள்ள, சார்பில்லாத மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். எழுத்தில். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். மருத்துவமனை என்றால் 20 பேர் இருந்தாலே போதும். முதலில் அவரிடம் மனு கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

மணி: மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வரவில்லை. நேரத்தை மாற்றலாமா?

உங்கள் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து) மைய டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெயர் வேண்டாம்: லேபில் சொல்லாமலே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துவிட்டார்கள், தப்பா?

தப்பு. ராஜாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கண்ணன்: கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் டெஸ்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டால் எத்தனை பெண்கள் பிழைப்பார்கள்? ஏன் செய்யக் கூடாது?

கண்ணன், கணவனிடமிருந்து தொற்று வாங்கி வந்த பெண்களோடு உட்கார்ந்து பேசியவள் நான். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இது செய்து பார்த்துத் தோற்ற வழி. அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 1988-இல் இப்படி ஒரு சட்டம் போட்டது. முதல் ஆறு மாதத்தில் 70,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்ததில் 8 பேருக்குத்தான் தொற்று. டெஸ்டுக்குப் பயந்து பலர் பக்கத்து மாநிலத்துக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த வருடமே சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

கண்ணன்: அமெரிக்கக் கதை வேண்டாம். இங்கே பெண்ணைப் பெற்றவர்கள் என்ன செய்வது?

சரி, இங்கே வருவோம். கட்டாயம் என்று வந்தால் அன்றே காசு கொடுத்து நெகட்டிவ் சான்றிதழ் வாங்க ஆள் கிளம்பிவிடுவான். அப்புறம் அந்தக் காகிதம் ஒரு நாளைய நிலவரம்தான். திருமணத்துக்கு அடுத்த மாதத்துக்கு அதில் பதில் இல்லை. பாசிட்டிவ் என்று வந்தால் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் வேறு ஊரில் பெண் பார்ப்பார்கள். பெண்ணுக்கு வந்தாலோ தெருவுக்கே தெரிந்துவிடும். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் பெண்தான் அங்கே முதலில் அடிபடுவாள்.

வசந்தி: அப்படியானால் மறைத்துக் கல்யாணம் செய்யலாம் என்கிறீர்களா அக்கா?

இல்லவே இல்லை. தொற்று உள்ளவர் அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கத் தக்க முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்று 10-ஆவது பிரிவே இருக்கிறது. உறவுக்கு முன் சொல்வதும் அதில் ஒன்று. இருவரும் பேசி, சேர்ந்தே போய் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவள். கட்டாயம் வேறு, சம்மதம் வேறு. பாசிட்டிவ் ஆனவருக்குக் கல்யாணமே கிடையாது என்பதும் தவறு. 1998-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அவர்களின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்படும் என்பதுபோல் சொன்னது. 2002-இல் அதே வழக்கில், அந்தக் கருத்து தேவையற்றது என்று நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. ஒழுங்காக மருந்து எடுத்து ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் பரவாது. இதை அறிந்து மணந்து, தொற்றில்லாத குழந்தை பெற்ற தம்பதிகள் பல பேர்.

கண்ணன்: உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இருக்கட்டும். இதைப் பற்றி இன்னும் ஐந்து கேள்வி வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே உள்ளதுதான் பதில்.

அன்பு: வளைகுடா வேலைக்கு மெடிக்கலில் எச்.ஐ.வி. பார்க்கிறார்களே?

அது அந்த நாட்டு விசா விதி. நம் சட்டம் அங்கே செல்லாது.

தேவி: பிரசவத்துக்குப் போன என் தங்கையின் ரிசல்ட்டை நர்ஸ் மாமியாரிடம் சொல்லிவிட்டார். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள்.

இரண்டுமே விதிமீறல். அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் மாமியாருக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கணவருக்குக்கூட, அவரே சொல்லும்படி முதலில் ஆலோசனை தந்து, சொல்ல மாட்டார் என்று உறுதியான பிறகு, "நான் சொல்லப்போகிறேன்" என்று அவருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் மருத்துவரோ ஆலோசகரோ சொல்லலாம். அடி உதைக்கோ கைவிடப்படுவதற்கோ வாய்ப்பிருந்தால் சொல்லவே கூடாது. அந்தக் கேஸ் ஷீட்டின் நகலை எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள். குழந்தைக்கான தடுப்பு மருந்தை இந்தச் சண்டையில் விட்டுவிடாதீர்கள், தேவி. அதுதான் முதல் வேலை.

சேகர்: சி.டி.4 குறைந்தால்தான் மருந்து தருவார்களா?

அது பழைய கதை. சி.டி.4 என்பது ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை. அரசின் இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. அப்போது சி.டி.4 200-க்குக் கீழ் இறங்க வேண்டும். பிறகு 350, பிறகு 500 என்று ஏறியது. 2017-லிருந்து பாசிட்டிவ் என்று உறுதியானாலே மருந்து. ஆனால் சட்டத்தில் எனக்கு உறுத்துகிற ஓர் இடம் இங்கேதான். 14-ஆவது பிரிவு மருந்தை "இயன்றவரை" தர வேண்டும் என்கிறது. 2022-இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து, எச்.ஐ.வி. உள்ளவர்கள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்த ஒரு சொல்லை எடுக்க வேண்டும் என்பதை இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

பிரபு: கம்பெனியில் எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்டால்?

சுதாவுக்குச் சொன்னதுதான். எழுத்தில் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்: புகார் கொடுத்தால், கேஸ் போட்டால் என் பெயர் ஊருக்குத் தெரிந்துவிடுமே? அதற்குப் பயந்தே பேசாமல் இருக்கிறேன்.

தெரியாமல் நடத்த வழி இருக்கிறது. 34-ஆவது பிரிவின்படி நீங்கள் கேட்டால் நீதிமன்றம் புனைபெயரில் வழக்கை நடத்தலாம், மூடிய அறையில் விசாரிக்கலாம், உங்களை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று தடை போடலாம். மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போனால் 30 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். மனுவின் முதல் பத்தியிலேயே "என் பெயரை மறைத்து விசாரிக்கக் கோருகிறேன்" என்று எழுதிவிடுங்கள். யாரிடம் போவது என்று புரியாவிட்டால் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.