சதியா, தேதியா?

கேள்வி: ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் நடிக்கவிருந்த ‘டே ஆஃப் த சாம்பியன்’ கார் பந்தயப் படம் பாதியில் நின்றது, ‘கிராண்ட் பிரீ’ என்ற போட்டிப் படம் எடுத்த எம்.ஜி.எம். நிறுவனத்தின் சதியால்தானே?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: முட்டுக்கட்டை போட்டது எம்.ஜி.எம். அல்ல ஐயா, மெக்வீன் படத்தைத் தயாரித்த, உங்கள் கட்சியான வார்னர் நிறுவனம்தான்! ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் படமெடுக்கும் தனி உரிமையை அவர்கள் எழுதி வாங்கி வைத்திருந்தார்கள். 1965 ஆகஸ்ட் 1 பந்தயத்தை அங்கே படம் பிடித்த எம்.ஜி.எம். இயக்குநர் ஜான் ஃபிராங்கன்ஹைமர், 27 ரீல்களையும் மெக்வீனின் இயக்குநர் ஜான் ஸ்டர்ஜஸிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

ரீல் கிடைத்தது, ஹீரோ கிடைக்கவில்லை. ‘தி சாண்ட் பெபிள்ஸ்’ படத்துக்காக 80 நாள் கணக்கில் தைவான் போன மெக்வீன், ஏழு மாதம் அதிலேயே மாட்டிக்கொண்டார். மற்ற படமென்றால் கால்ஷீட்டைத் தள்ளிப் போடலாம். பந்தயப் படத்தில் அது நடக்காது. 1966 ஃபார்முலா ஒன் பந்தய சீசன் மே 22-ல் மொனாக்கோவில் தொடங்கி, செப்டம்பர் 4-ல் இத்தாலியின் மோன்சாவோடு ஐரோப்பாவில் முடிந்துவிட்டது. நிஜக் கூட்டமும் நிஜ வீரர்களும் அந்த மூன்றரை மாதத்தில்தான் கிடைப்பார்கள். விட்டால் அடுத்த மே.

கையிலிருந்த 1965 காட்சிகளுக்கும் ஆயுசு குறைவு. 1966-ல் ஃபார்முலா ஒன் இன்ஜின் வரம்பு 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டரானது. பழைய சின்னக் காரையும் புதுக் காரையும் ஒரே பந்தயமாக ஒட்டினால் கன்டினியுட்டி (காட்சித் தொடர்ச்சி) உதைக்கும். பந்தயம் தெரிந்தவன் தியேட்டரிலேயே சிரிப்பான்.

ஃபிராங்கன்ஹைமரோ மொனாக்கோவிலேயே களத்தில் இருந்தார். நடிகர்களுக்கு ஃபார்முலா ஒன்னைவிடக் கீழ்நிலைப் பந்தயத்துக்கான ஃபார்முலா 3 கார்கள்; போலிப் புகைக்குழாய் வைத்து அவற்றுக்கு ஃபார்முலா ஒன் வேஷம். ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரில் கேமராவைப் பூட்டி ஓட்டியவர் 1961 உலக சாம்பியன் ஃபில் ஹில். (சும்மா ஒரு டிரைவரைப் போட்டிருந்தால் பந்தயக் கார்களை எப்படித் துரத்துவது?) முதலில் முகம் கொடுக்காத ஃபெராரிகூட, எடுத்ததில் அரை மணி நேரத்தைப் போட்டுக் காட்டியதும் தொழிற்சாலையைத் திறந்துவிட்டது.

இரண்டாவதாக வரும் பந்தயப் படத்துக்கு யார் வரிசையில் நிற்பார்கள்? வார்னர் நிறுவனத் தலைவர் ஜாக் வார்னர் தன் படத்தை நிறுத்திவிட்டார். எம்.ஜி.எம்.மின் ‘கிராண்ட் பிரீ’ 1966 டிசம்பரில் வந்து, ஒலி, ஒலி விளைவு, எடிட்டிங் என மூன்று ஆஸ்கர் வாங்கியது. நூர்பர்க்ரிங் அதில் பேச்சளவில்தான் வரும். வார்னரின் ஒப்பந்தத்தால் எம்.ஜி.எம்.முக்கு நேர்ந்த நஷ்டம் அவ்வளவுதான்.