ஒன்பது வேளை பர்கர்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலை விஷயமாக ஜெர்மனிக்கு இரண்டு முறை தனியாகப் போயிருக்கிறேன். இந்த மே மாதம்தான் முதன்முறையாக அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் என்று பதினோரு நாள் சுற்றி வந்தோம். அம்மா சுத்த சைவம். முட்டையும் சேர்க்கமாட்டார்.

ஊர் திரும்பி ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒன்பது வேளை மெக்டொனால்ட்ஸிலும் பர்கர் கிங்கிலும் சாப்பிட்டிருக்கிறோம். குடும்ப வாட்ஸப் குழுவில் படங்களைப் போட்டதும் என் மைத்துனர், "இத்தனை லட்சம் செலவு பண்ணிப் போய், கோயமுத்தூர் மாலில் கிடைக்கிறதையா தின்னுட்டு வந்தீங்க?" என்று கேட்டார். கூடவே நீங்கள் எழுதிய வரியையும் எடுத்துப் போட்டார்: "ஓர் ஊரின் உணவை உண்ணாதவர் அந்த ஊருக்குப் போகவே இல்லை." அன்றிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் மட்டும் ஒரு தெருக்கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினோம். அம்மாவுக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. நாங்கள் செய்தது தப்பா சார்?

கே. எஸ்.

அன்புள்ள கே. எஸ்.,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மைத்துனர் எடுத்துக் காட்டிய வரி நான் எழுதியதுதான். அப்போது எனக்கு முப்பது வயது. தோளில் ஒரு பை, கையில் இரண்டு மாத அவகாசம், எதையும் தின்னும் வயிறு. பசித்தால் தாங்கிக்கொள்ளலாம், கடை திறக்கும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம். அப்படிப் போனவன் எழுதிய வரி, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனவரைக் குத்தும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அது தவறு என்று எனக்கு உணர்த்தியது லியோன். பிரான்ஸின் சமையல் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர். அப்பாவை அழைத்துப் போயிருந்தேன், அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அருங்காட்சியகத்தில் நேரம் போனது தெரியாமல் வெளியே வரும்போது பிற்பகல் மூன்றேகால். பிரான்ஸில் பெரும்பாலான உணவகங்களில் மதியச் சமையல் இரண்டு மணி, இரண்டரை மணியோடு முடிந்துவிடும். பிறகு இரவு ஏழு, ஏழரைக்குத்தான் அடுப்பு. நான்கு கடைகளில் மேசைகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், சாப்பாடு இல்லை. அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியது, சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. தெருமுனையில் ஓர் அமெரிக்க பர்கர் கடை இருந்தது. ஆரஞ்சுச் சாறு, ஒரு பர்கர், உட்கார நாற்காலி, பக்கத்திலேயே கழிவறை. இருபது நிமிடத்தில் அப்பா பழைய அப்பாவாக ஆனார். அந்தக் கடைக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆகவே ஒன்பது வேளைக்காக நீங்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. அந்தக் கடைகள் உங்களுக்கு விற்றது பர்கரை மட்டும் அல்ல. எந்த நேரமும் எரியும் அடுப்பு, படம் போட்ட தொடுதிரை, முன்கூட்டியே தெரிகிற விலை, ஓடித் திரிந்தாலும் யாரும் முறைக்காத இடம். குழந்தைகளோடும் முதியவரோடும் போகிறவருக்கு இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் உணவகத்தில் தண்ணீருக்கே காசு கொடுத்திருப்பீர்கள். பிரான்ஸில் குடுவைத் தண்ணீர் இலவசம். "உய்ன் கராஃப் தோ" என்று கேட்க வேண்டும், கேட்டால் கொடுத்தாக வேண்டும். இடைவேளை இல்லாமல் சமைக்கும் பிரஸ்ஸரி என்ற வகை உணவகங்களும் அங்கே உண்டு, வாசலில் "செர்வீஸ் கோந்தினு" என்று எழுதியிருப்பார்கள். இந்த இரண்டு சொற்கள் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அப்பா அவ்வளவு நேரம் நடுங்கியிருக்கமாட்டார்.

உங்கள் மைத்துனரின் கோபத்துக்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். 1986-இல் ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்கு அருகே மெக்டொனால்ட்ஸ் வந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். துரித உணவுக்கு மாற்றாக இத்தாலியர் கார்லோ பெட்ரினி தொடங்கிய ஸ்லோ ஃபுட் இயக்கம் அந்தச் சூழலில் வளர்ந்தது, 1989-இல் பாரிஸில் தன் அறிக்கையை வெளியிட்டது. பிரான்ஸின் தெற்கே மில்லோ என்ற சிற்றூரில் நடந்தது இன்னும் கடுமையானது. ஹார்மோன் கொடுத்து வளர்த்த அமெரிக்க மாடுகளின் இறைச்சியை ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடவில்லை. பதிலடியாக அமெரிக்கா 1999-இல் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி உள்ளிட்ட பொருட்களுக்கு 100 சதவீத வரி போட்டது. அந்தப் பாலாடைக்கட்டிக்குச் செம்மறி ஆட்டுப்பால் கொடுத்துப் பிழைப்பவர்கள் மில்லோவைச் சுற்றியுள்ள விவசாயிகள். ஜோசே போவே அவர்களில் ஒருவர். அந்த ஆகஸ்ட் 12 அன்று அவரும் தோழர்களும் டிராக்டர்களோடு வந்து, அங்கே கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப் போட்டார்கள். அதற்காக அவர் சிறையும் சென்றார்.

இது தங்கள் பிழைப்புக்காக நடத்திய போராட்டம். போவேயின் டிராக்டர் ஒரு நிறுவனத்தின் கட்டடத்துக்கு எதிராகப் போனது. உள்ளே உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டும் தாய்க்கு எதிராக அல்ல. உள்ளூர் உணவுக்காக நின்றவர்களின் பெயரைச் சொல்லிக் களைத்த குடும்பத்தைக் குத்திக்காட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

"கோயமுத்தூர் மாலில் கிடைக்கிறது" என்று அவர் சொன்னது உண்மையும் அல்ல. இது உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை முக்கியமான விஷயம். இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் விற்பதில்லை. சைவத்துக்குத் தனிச் சமையலிடம், தனி ஆட்கள், தனிப் பாத்திரங்கள். ஐரோப்பாவில் அப்படி முழுப் பிரிவினை கிடையாது. பெயர்ப்பலகை ஒன்று, அடுப்பு வேறு. இறைச்சிக்குப் பதில் தாவரப் பொருளில் செய்த அடை வைத்த பர்கர்கள் வந்திருக்கின்றன, நல்லதுதான். ஆனால் பர்கர் கிங் பிரிட்டனில் "மாட்டிறைச்சி இல்லை" என்று விளம்பரம் செய்த தாவர வாப்பர் பர்கரை, இறைச்சி வாட்டும் அதே வாட்டியில்தான் வாட்டினார்கள். முட்டை சேர்ந்த மயோனைஸும் உண்டு. அந்த விளம்பரத்தை 2020-இல் அங்கத்திய விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் வறுவலின் கதை இன்னும் பழையது. 1990 வரை மாட்டுக்கொழுப்புக் கலவையில் பொரித்தார்கள். பிறகு தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்றார்கள். ஆனால் தொழிற்சாலையிலேயே மாட்டிறைச்சிச் சாரத்தைச் சேர்ப்பது தொடர்ந்தது. இந்துக்களும் சைவ உணவினரும் வழக்குத் தொடுத்து, 2002-இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு ஒரு கோடி டாலர் கொடுத்தது. பிரிட்டனில் அவர்களின் வறுவலில் அந்தச் சாரம் சேர்ப்பதில்லை. ஒரே கடை, ஒரே பெயர், நாட்டுக்கு நாடு வேறு சேர்மானம்.

இப்போது தாமதத்துக்கான காரணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் பிரஸ்ஸல்ஸ் வறுவல் பற்றிய வரியைப் படித்ததும் பதிலைத் தொடங்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

பெல்ஜிய வறுவலுக்கு அந்த ருசி வருவது உருளைக்கிழங்கால் மட்டும் இல்லை. மிதமான சூட்டில் ஒருமுறை பொரித்து, ஆறவைத்து, சூட்டைக் கூட்டி இரண்டாம் முறை பொரிப்பார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மாவு. பொரிக்கும் கொழுப்பு, அங்கத்திய வழக்கப்படி, மாட்டுக்கொழுப்பு. பிரெஞ்சில் "ப்ளான் து பஃப்", டச்சில் "ஓஸ்ஸவிட்". தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. நீங்கள் வாங்கிய கடை எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் நினைவில்லை. ஆனால் மரபுப்படி செய்யும் கடை என்று பெயர் எடுத்ததாக இருந்தால், அது மாட்டுக்கொழுப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வட இங்கிலாந்தில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடைகள் பலவற்றிலும் இப்படித்தான்.

இதைப் பொதுவில் எழுதி, யாரோ சொல்லி உங்கள் அம்மா தெரிந்துகொள்ளக்கூடாது என்பதால் உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீங்கள் நெடுநேரம் பேசாமல் இருந்தீர்கள். "நான் அம்மாகிட்ட சொல்லிட்டு உங்களுக்குச் சொல்றேன், அப்புறம் போடுங்க சார்" என்றீர்கள். உங்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஐரோப்பா போகும் ஆயிரக்கணக்கான நம் வீட்டு அம்மாக்களுக்கு இந்த ஒரு தகவல் தேவைப்படும்.

ஆக, வெளிநாட்டு நிறுவனத்தின் கடையில் வாங்கியதால் பாவம் வந்துவிடவில்லை, உள்ளூர்க் கடையில் வாங்கியதால் புண்ணியமும் சேர்ந்துவிடவில்லை. பிரெஞ்சு வெங்காய சூப் வழக்கமாக மாட்டெலும்புச் சாறில் செய்வது. பார்மிசான் பாலாடைக்கட்டியில், பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது. 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய உணவகங்கள் பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களைச் சொல்லியாக வேண்டும். முட்டை, பால், மீன், கடுகு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும், மாட்டுக்கொழுப்பு வராது. பட்டியலை நம்பி இருந்தால் போதாது, வாய்விட்டுக் கேட்க வேண்டும். பெருநிறுவனக் கடைகளில் இணையத்தில் சேர்மானத்தைப் போட்டு வைத்திருப்பது இந்த வகையில் ஒரு வசதி. அதைப் பயன்படுத்துங்கள். அந்தந்த நாட்டின் பக்கத்தைப் பாருங்கள், இந்தியப் பக்கத்தை அல்ல.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வருத்தம் தந்தது பர்கர் அல்ல. பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு கார் து நோர் ரயில் நிலையத்தில் ஏறியிருக்கிறீர்கள். ஏறுமுன் ஒரு பர்கர். அந்த நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லாச்சப்பல். 1980-களில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் வேர்விட்ட இடம். ஃபோபூர் சென்-தெனி தெருவில் தமிழில் பெயர்ப்பலகைகள், இடியப்பம், தோசை, சம்பல், கொத்துரொட்டி. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம், கோடை முடிவில் அதன் தேர் பாரிஸ் தெருவில் வருகிறது. உங்கள் அம்மா தமிழிலேயே "அண்ணா, இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுச் சாப்பிட்டிருக்கலாம். உங்கள் மைத்துனர் இதையும் "பாரிஸ் போய்த் தோசையா" என்று கேட்கக்கூடும். கேட்டால், அது பாரிஸின் உணவுதான் என்று சொல்லுங்கள். பாரிஸில் நாற்பது ஆண்டுகளாகத் தினமும் சமைத்து, பாரிஸ்காரர்கள் தினமும் சாப்பிடும் ஒன்று வேறு எந்த ஊரின் உணவு?

ஆம்ஸ்டர்டாமிலும் அப்படி ஒரு சாப்பாட்டைத் தவறவிட்டீர்கள். 1873-இலிருந்து டச்சுக்காரர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றித் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் பின்னாளில் ஹாலந்துக்கு வந்தார்கள். அவர்களின் ரொட்டிக் கடைகள் ஊர் முழுக்க இருக்கின்றன: மெல்லிய ரொட்டி, மசாலா உருளைக்கிழங்கு, நீளமான காராமணிக் காய்ப் பொரியல். முட்டை வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள். கொலோனில் துருக்கியர் கடையில் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை. இவற்றுக்கெல்லாம் பர்கருக்கு ஆகும் செலவுதான் ஆகும். இந்த உணவுகளைச் செய்பவர்களும் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள்தான். திருப்பூருக்கு வேலை தேடி வருகிறவர்களைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு அது சட்டென்று புரியும்.

அடுத்த முறை லிஸ்பனும் போர்ட்டோவும் போகலாம் என்று சொன்னீர்கள். அங்கே மெக்டொனால்ட்ஸிலேயே சூப் கிடைக்கும், போர்ச்சுகல்காரர்களுக்குச் சூப் இல்லாமல் சாப்பாடு முடியாது. போர்ட்டோவில் பழைய இம்பீரியல் காபிக் கடைக்குள்ளேயே ஒரு மெக்டொனால்ட்ஸ் இருக்கிறது. வாசலில் கழுகு, உள்ளே சரவிளக்குகள், வண்ணக் கண்ணாடி ஓவியம். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். வெளியே கடைகளில் "கால்து வெர்த்" என்ற கீரை சூப்பைப் பார்த்தால் மட்டும் கவனம், அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுவது வழக்கம்.

நேற்று நீங்கள் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதை இங்கே பதிவு செய்ய அனுமதித்தீர்கள். அம்மா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு உங்கள் மேல் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "அந்தக் கடைக்காரங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்ல சாமி?" என்று மட்டும் கேட்டாராம். மொழி தெரியாது என்று நீங்கள் சொன்னதற்கு, எழுதி வாங்கித் தா, நானே கேட்டுக்கொள்கிறேன் என்றாராம்.

அவருக்காக எழுதுகிறேன். பிரெஞ்சு பேசும் இடத்தில் "உய்ல் வெஜெதால்?" என்று கேட்கட்டும். டச்சு பேசும் இடத்தில் "பிளான்டார்டிஹ ஓலி?" ஜெர்மனியில் "ப்ஃப்லான்ஸன்ஓல்?" மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: தாவர எண்ணெயா?