ஐரோப்பாவின் சிறு ஊர்களில் தனியாகச் சுற்றும்போது சக பயணிகளோடு நட்பாக முடியுமா? எனக்குக் கூச்ச சுபாவம்.

முடியும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்து வருகிற ஆள் நான். எனக்கே நடந்ததால் சொல்கிறேன். 2023 செப்டம்பரில், 43 வயதில், முதுகில் ஒரு பையோடு செக் நாடு, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா என்று மூன்று வாரம் சுற்றினேன். ஹாஸ்டலில் (பயணிகள் ஒரே அறையில் ஆளுக்கொரு கட்டில் எடுத்துத் தங்கும் விடுதி) எல்லாம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளாக இருப்பார்கள், நம்மை அங்கிள் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பதுதான் கிளம்பும்போது இருந்த பயம். வயதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் மாட்டிக்கொண்டது வேறு விஷயத்தில்.

பிராக்கில் இரண்டு ராத்திரி தங்கியும் ஒருவர் பெயர்கூடத் தெரியாமல் கிளம்பினேன். பெரிய நகரத்தில் நள்ளிரவுவரை ஆளுக்கொரு வேலை இருக்கிறது, அறைக்குத் தூங்க மட்டும்தான் வருகிறார்கள். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம், செஸ்கி க்ரும்லோவ். வ்ல்தவா ஆறு வளைந்து வளைந்து போய், பழைய ஊரைக் கிட்டத்தட்டத் தீவாக்கி வைத்திருக்கிறது. 1992-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்ட ஊர் என்பதால் பகலில் நடக்க இடமிருக்காது. கோட்டை அகழியில் கரடி வளர்க்கிறார்கள், அதை எட்டிப் பார்க்க ஒரு கும்பல். ஆனால் சாயங்காலம் சுற்றுலாப் பஸ்கள் கிளம்பியதும் ஊர் காலி. மிச்சம் இருப்பது உள்ளூர்க்காரர்களும் ராத்திரி தங்குகிற எங்களைப் போன்ற கொஞ்சம் பேரும்தான். வேறு போக்கிடம் இல்லாமல் எல்லோரும் ஹாஸ்டல் சமையலறையில் வந்து விழுவோம். உங்களைப் போன்ற, என்னைப் போன்ற ஆட்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நாம் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

சரி, மாட்டிக்கொண்ட கதை. ஆறு பேர் படுக்கிற அறை. முதல் நாள் காலையில் கீழ்க் கட்டிலில் இருந்த ஜெர்மன் பையன் சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்து, "ராத்திரி முழுக்க மரம் அறுத்தீர்களே, எவ்வளவு ஆயிற்று?" என்றான். எனக்குப் புரியவில்லை. அவர்கள் மொழியில் குறட்டை விடுவதை மரம் அறுப்பது என்றுதான் சொல்வார்களாம். வீட்டில் இருபது வருடமாக மனைவி சொல்லி நான் நம்பாத விஷயம். கூனிக் குறுகிப் போய் வெளியே வந்தவன், நேராக மருந்துக் கடைக்குப் போய் ஒரு டப்பா இயர்பிளக் வாங்கினேன். பஞ்சு மாதிரி, விரலில் உருட்டிக் காதில் வைத்தால் உப்பிக்கொள்ளுமே, அது. அன்று ராத்திரி விளக்கணைக்கும் முன் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு ஜோடி கொடுத்து, "முன்கூட்டியே மன்னியுங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் தன் அப்பாவின் குறட்டையைப் பற்றி ஆரம்பித்தார், இன்னொரு பெண் தனக்குத் தூக்கத்தில் பேசுகிற பழக்கம் என்றாள். ஒரு மணிக்குத்தான் தூங்கினோம். அதற்குப் பிறகு நான் தங்கிய எல்லா அறையிலும் இதே முறைதான். "எந்த ஊர், எத்தனை நாள்" என்ற சம்பிரதாயத்தையே தாண்டிப் போய்விடலாம்.

மறுநாள் அந்த ஜெர்மன் பையன் ஆற்றில் படகு விடக் கூப்பிட்டான். அவை இரண்டு பேர் துடுப்புப் போடும் சிறு படகுகள், அவனுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் கிடைத்தேன். வழியில் தடுப்பணைகள் உண்டு, ஓரத்தில் படகு இறங்குவதற்கென்று ஒரு சறுக்கு வைத்திருக்கிறார்கள். எதிர்ப்படுகிற ஒவ்வொரு படகும் "அஹோய்!" என்று கத்துகிறது. கடலே இல்லாத நாட்டில் மாலுமிகள் போல வணக்கம். பதிலுக்குக் கத்தாவிட்டால் மரியாதையில்லை என்று அவன் சொன்னதால் நானும் கத்தினேன். பத்தாவது படகுக்குள் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு சறுக்கில் குப்புறக் கவிழ்ந்தோம். செல்போன்களைப் படகோடு கொடுத்த மூடிபோட்ட பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டிருந்ததால் தப்பித்தன.

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் நேர்மாறு. ரயில் ஏரிக்கு இந்தக் கரையில் நிற்கும், படகில் ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். அந்தப் படகுப் பயணம் அருமை, இறங்கியதும் எரிச்சல். சுமார் 750 பேர் வசிக்கிற ஊருக்குள் பகலில் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், அடுத்த பஸ்ஸில் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். யாரைக் குறை சொல்ல?

ஸ்லோவேனியாவில் எல்லோரும் ப்ளெட் ஏரிக்குப் போவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி போஹின் ஏரிக்குப் போங்கள், குறைந்தது மூன்று ராத்திரி. ட்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஏரி. மழைக்குப் பேர்போன இடம், எனக்கு இரண்டு நாள் விடாமல் பெய்தது. சவிட்சா அருவிக்குப் போகிற திட்டம் நனைந்து போனது. சமையலறையில் ஒரு கொரியப் பெண், சைக்கிளில் வந்த போலந்துக்காரர் ஒருவர், 67 வயது டச்சு அம்மா ஒருவர், அப்புறம் நான். என்னிடம் வீட்டிலிருந்து கொண்டு போன புளிக்காய்ச்சல் பாட்டில் இருந்தது. கொரியப் பெண்ணிடம் பற்பசைக் குழாய் மாதிரி ஒன்றில் கோச்சுஜாங், அவர்கள் ஊர் மிளகாய் விழுது. சோறு நான் வடித்தேன். ஒரு பாதியில் புளிக்காய்ச்சல், ஒரு பாதியில் அவள் விழுது. போலந்துக்காரர் ஒரு வாய் புளிசாதம் சாப்பிட்டு, நிலக்கடலையைத் தனியாக எடுத்துப் பார்த்து, "இது தப்பித் தவறி விழுந்ததா?" என்று கேட்டார். டச்சு அம்மா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தை எல்லாம் தானே கழுவினார்.

எல்லோரும் இப்படி அமைய மாட்டார்கள். வழியில் ஒரு ஊரில் இரண்டு நாள் கூடவே சுற்றிய ஒருவன், கார்டு வேலை செய்யவில்லை என்று 50 யூரோ வாங்கிக்கொண்டு விடிகாலையில் போய்விட்டான். சோறு பகிருங்கள், பணம் வேண்டாம். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு கொண்டு போங்கள்.

நம் பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அவர்கள் எல்லாம் காலையில் காபி குடிக்கும்போது அடுத்த ஊரை முடிவு செய்கிறவர்கள். நாம் ஷெங்கன் விசாவுக்கே (இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான விசா) ஒவ்வொரு ராத்திரிக்கும் தங்குமிடம் காட்டிவிட்டு வந்திருப்போம். அதனால் ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகப் பார்த்து எடுங்கள். "நாளைக்கு எங்களோடு வாயேன்" என்று யாராவது கூப்பிடும்போது அந்த வசதி வேண்டும்.

எனக்கு அது போஹினில் தேவைப்பட்டது. தலைநகர் லூப்ளியானாவுக்கு நேராகத் திரும்ப வேண்டியவன், டச்சு அம்மா கூப்பிட்டதால் நோவா கோரிட்சாவுக்கு ரயில் ஏறினேன். 1906-இல் திறந்த மலைப்பாதை. ஏறிய கொஞ்ச நேரத்திலேயே 6 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம், வெளியே வந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் பச்சைக் கண்ணாடி போல சோச்சா ஆறு. கடைசியில் சோல்கன் பாலம். 85 மீட்டர் அகலத்துக்கு ஒரே கல் வளைவு. ரயில் பாலங்களில் இதைவிடப் பெரிய கல் வளைவு உலகத்தில் இல்லை. ரயிலுக்குள் இருந்து அது தெரியாது என்று அவருக்கு ஒரே ஆதங்கம்.

நோவா கோரிட்சா ஸ்டேஷன் வாசலில் ஒரு சதுக்கம். பாதி ஸ்லோவேனியா, பாதி இத்தாலி. 2004 வரை நடுவில் வேலி இருந்தது, இப்போது தரையில் ஒரு அடையாளம் மட்டும். அவர் இத்தாலிக்குள் போக வேண்டும், நான் பஸ் பிடித்து லூப்ளியானாவுக்கு. போன் நம்பர் வாங்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டு நின்றேன். அவர் பத்தடி நடந்து அடுத்த நாட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் ஏதோ நினைவு வந்தது போலத் திரும்பி வந்து, பை ஓரத்தில் துழாவி, நான் கொடுத்திருந்த இயர்பிளக் ஜோடியைப் பிரிக்காத உறையோடு என் கையில் வைத்தார்.

"எனக்குக் காது மந்தம். அன்றைக்குச் சொன்னால் உன் மனசு சங்கடப்படும் என்று வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு ராத்திரி யாருக்காவது வேண்டியிருக்கும்."